புனிதரின் சின்னக் கரண்டி

ஆர்கிரோ: வாங்க மிஸ்டர் ஃபானிஸ். உக்காருங்க. எப்படி இருக்கீங்க?

ஃபானிஸ்: நல்லா இருக்கேன் டாக்டர். எல்லாம் நல்லா இருக்கு.

ஆர்கிரோ: போச்சு! இதைத்தான் சொல்லாதே, சொல்லாதேன்னு கப்பல் ஏறினதுல இருந்து கத்திக்கிட்டிருக்கேன்.

ஃபானிஸ்: இப்பவும் கத்துறே. அந்தப் பெஞ்சுல ஒரு மனுஷன் தூங்குறான் பாரு.

ஆர்கிரோ: தூங்கட்டும். போன தடவை என்ன ஆச்சு? ஏழு மணி நேரம் கப்பல்ல போனோம். நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி வராண்டாவுல காத்துக் கிடந்தோம். உள்ள போனதும் உன் வாயில இருந்து வந்தது மூணே வார்த்தை. "எல்லாம் நல்லா இருக்கு." டாக்டரம்மா பேனாவை மூடி வச்சிட்டாங்க.

ஃபானிஸ்: வெள்ளைக் கோட்டைப் பாத்தா நாக்கு மேல போய் ஒட்டிக்குது. நான் என்னடி பண்றது?

ஆர்கிரோ: அதுக்குத்தான் ஒத்திகை. நான்தான் டாக்டர் கசிமாட்டி. நீ நீயாவே இரு. பிரேயஸ் துறைமுகம் வர்றதுக்குள்ள இந்த நோட்டுல மூணு பதில் ஏறியாகணும்.

ஃபானிஸ்: டாக்டரம்மா கண்ணாடி போட்டிருப்பாங்க.

ஆர்கிரோ: இந்தா, போட்டுக்கிட்டேன். போதுமா?

ஃபானிஸ்: அது வெயிலுக்குப் போடுறது. சினிமாக்காரி மாதிரி இருக்கே.

ஆர்கிரோ: பேச்சை மாத்தாதே. ம்... மிஸ்டர் ஃபானிஸ், உங்களுக்கு இருக்கிறது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். ஆறு வருஷமா தினம் ஒரு மாத்திரை போடுறீங்க.

ஃபானிஸ்: அம்பத்திரெண்டு வயசுல ஆரம்பிச்சது டாக்டர். எங்க இக்காரியா தீவுல தொண்ணூறு வயசுக்காரன் திருவிழாவுல விடிய விடிய ஆடுறான். உன்னால ஊருக்கே மானக்கேடுன்னு காபிக்கடையில என்னைக் கேலி பண்றானுங்க.

ஆர்கிரோ: இது டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம்.

ஃபானிஸ்: எல்லாத்தையும் சொல்லுன்னு நீதானே சொன்னே?

ஆர்கிரோ: நோவைப் பத்தி எல்லாத்தையும். காபிக்கடையைப் பத்தி இல்ல. கேளு, போன தடவை அவங்க சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன். "மூணு வருஷமா உங்க ரத்தத்துல அந்தக் கெட்ட அணுவோட அடையாளம் பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழ இருக்கு. இப்ப ரெண்டு வழி இருக்கு. மாத்திரையைத் தொடரலாம். இல்ல, நிறுத்திப் பாக்கலாம். நிறுத்தினா மாசா மாசம் ரத்தப் பரிசோதனை பண்ணணும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துடும். சீக்கிரமே கண்டுபிடிச்சு மாத்திரையை ஆரம்பிச்சா பெரும்பாலும் அடங்கிடும்."

ஃபானிஸ்: எவ்வளவு அழகா வாசிக்கிறே. அடுப்படிக்குப் பதிலா உன்னை ரேடியோவுல வச்சிருக்கணும்.

ஆர்கிரோ: "எந்த வழின்னு நான் மட்டும் சொல்ல முடியாது மிஸ்டர் ஃபானிஸ். உங்களுக்கு எது தொந்தரவு, எதுக்குப் பயப்படுறீங்க, இந்த சிகிச்சையால என்ன வேணும்னு எதிர்பாக்குறீங்க... இந்த மூணையும் யோசிச்சு வந்து சொல்லுங்க." யோசிச்சியா?

ஃபானிஸ்: கடலைப் பாரேன் ஆர்கிரோ. தண்ணி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பால்ல மிதக்கிற மாதிரி இருக்கு.

ஆர்கிரோ: மிஸ்டர் ஃபானிஸ்!

ஃபானிஸ்: இருபத்தெட்டு வருஷமா இந்தக் கப்பலோட கயித்தைக் கரையில நின்னு வாங்கிக் கட்டியிருக்கேன். கட்டிட்டு முதுகைத் திருப்பி வீட்டுக்கு வந்துடுவேன். மூட்டத்துல உள்ள இருந்து பாத்தா இப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்...

ஆர்கிரோ: முதல் கேள்வி. என்ன தொந்தரவு?

ஃபானிஸ்: கெண்டைக்கால்ல பிடிப்பு. விடியக்காலையில கயிறு முறுக்கின மாதிரி முறுக்கும். கண்ணு இமை ரெண்டும் வீங்கிப் போகும். மத்தியானம் ஆனா உடம்புல உப்பே இல்லாத மாதிரி ஒரு அசதி.

ஆர்கிரோ: அப்படிச் சொல்லு! எழுதிட்டேன். இன்னும்?

ஃபானிஸ்: கை. கையிலயும் பிடிக்கும். போன வருஷம் ஒரு நாள் பெரிய கயித்தை இரும்புக் கட்டையில மாட்டுற நேரத்துல விரல் மடங்கிக்கிச்சு. ஒரு நொடி தாமதமாகியிருந்தா கயிறு கையையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கும்.

ஆர்கிரோ: ...இதை என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

ஃபானிஸ்: நீ அப்ப மனைவியா இருந்தே. இப்ப டாக்டரம்மா.

ஆர்கிரோ: சரி... எழுதிக்கிறேன். ரெண்டாவது கேள்வி. எதுக்குப் பயப்படுறீங்க?

ஃபானிஸ்: என் பெண்டாட்டியோட கோபத்துக்கு.

ஆர்கிரோ: விளையாடாதே.

ஃபானிஸ்: நிஜமாத்தான். வேணும்னா உன் பயத்தை எழுதிக்கோ. எனக்கும் சேத்து நீதானே பயப்படுறே?

ஆர்கிரோ: எழுதட்டுமா? ஒரு நாள் காலையில நான் ரொட்டிக்கடையில மாவு பிசைஞ்சுட்டு இருப்பேன். கீழ கப்பல் ஊதும். ஊதிக்கிட்டே இருக்கும். கயித்தை வாங்க கரையில ஆள் இருக்காது. இதான் என் பயம். தினம் ஊதறப்ப ஒரு தடவை வந்துட்டுப் போகுது.

ஃபானிஸ்: எழுதிக்கோ. ரெண்டாவது வரி அதுவே இருக்கட்டும்.

சர்வர்: காபி, ஜூஸ், சீஸ் பை... உங்களுக்கு என்ன?

ஆர்கிரோ: ரெண்டு காபி. சர்க்கரை கம்மியா.

ஃபானிஸ்: ஒரு காபி போதும். எனக்கு ஆப்பிள் ஜூஸ்.

ஆர்கிரோ: இப்ப எதுக்கு ஜூஸ்? அது சாயங்காலம் குடிக்கிறது.

ஃபானிஸ்: இந்த மூட்டத்துல காலையா சாயங்காலமான்னு யாருக்குத் தெரியுது? கொண்டு வாங்க.

சர்வர்: தட்டுலயே இருக்கு. இந்தாங்க.

ஃபானிஸ்: ம்... இனிக்குது.

ஆர்கிரோ: ஜூஸ்னா இனிக்காம என்ன பண்ணும்?

ஃபானிஸ்: வீட்டுல நீ தர்றது இப்படி இல்லையே. குடிச்சு முடிச்சதும் தொண்டையில ஒரு கசப்பு நிக்கும்.

ஆர்கிரோ: அது... அது வேற கம்பெனி.

ஃபானிஸ்: ஓஹோ.

ஆர்கிரோ: டப்பாவுல வர்றதுதானே. கடைக்காரன் வெயில்ல வச்சிருப்பான்.

ஃபானிஸ்: இருக்கும், இருக்கும்... எனக்கு ஒரு கனவு வந்துது ஆர்கிரோ. டாக்டர்கிட்ட சொல்லலாமா?

ஆர்கிரோ: கனவெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க. என்கிட்ட வேணா சொல்லு.

ஃபானிஸ்: கடல் இன்னைக்கு இருக்கிற மாதிரியே இருக்கு. கோடே இல்ல. நான் கரையில நிக்கிறேன். கப்பல் வருது, துளி சத்தம் இல்ல. மேல இருந்து கயித்தை வீசுறாங்க. கயிறு வருது, வந்துக்கிட்டே இருக்கு... கையில மட்டும் விழ மாட்டேங்குது. அப்ப யாரோ தோளைத் தொட்டாங்க. திரும்பிப் பாத்தா, பந்தலேமோன் புனிதர்.

ஆர்கிரோ: மேல நம்ம சின்னக் கோயில்ல இருக்கிறவரா?

ஃபானிஸ்: அவரேதான். அதே சுருட்டை முடி. ஒரு கையில மருந்துப் பெட்டி, இன்னொரு கையில சின்னக் கரண்டி. வாயைத் திறன்னாரு. திறந்தேன். என்னவோ ஊட்டினாரு. ஒரே கசப்பு. ஆனா கை இருக்கே... நகக்கண்ணுல ரொட்டி மாவு ஒட்டியிருந்தது.

ஆர்கிரோ: ...புனிதர் கையில எதுக்கு மாவு?

ஃபானிஸ்: நானும் அதைத்தான் யோசிச்சேன்.

ஆர்கிரோ: காபி ஆறுது. நான் குடிக்கிறேன்.

ஃபானிஸ்: குடி. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கோ. டாக்டர்கிட்ட எனக்கு ஒரு ரகசியம் சொல்லணும்.

ஆர்கிரோ: போட்டாச்சு.

ஃபானிஸ்: பதினாலு மாசமா நான் அந்த மாத்திரையைப் போடல டாக்டர்.

ஆர்கிரோ: அப்படியா...

ஃபானிஸ்: என்ன டாக்டர், கோபமே வரல உங்களுக்கு? என் பெண்டாட்டியா இருந்தா இந்நேரம் என்னைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பா.

ஆர்கிரோ: இல்ல... வருது. கோபம் வருது. ஏன்யா போடல?

ஃபானிஸ்: அன்னைக்குக் கயிறு கையை இழுக்கப் பாத்துச்சுல்ல? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். காலையில உன் முன்னால வாயில போட்டுப்பேன். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்து சட்டைப்பைக்குள்ள வச்சிடுவேன். கப்பல் போனதும் கோயிலுக்கு ஏறி, புனிதர் படத்துக்குக் கீழ விளக்கு மாடத்துல வச்சிட்டு வருவேன். "நீங்களும் டாக்டர்தான், ஃபீஸ் வாங்காத டாக்டர். இனிமே என் நோவை நீங்க பாத்துக்கோங்க." அவ்வளவுதான் பிரார்த்தனை.

ஆர்கிரோ: அறுபத்திரெண்டு படி. கால் பிடிப்போட.

ஃபானிஸ்: எண்ணியிருக்கே.

ஆர்கிரோ: தினம் சாயங்காலம் கோயிலைக் கூட்டி விளக்கு ஏத்துறது யாரு? நான்தானே. எண்ணாம இருப்பேனா?

ஃபானிஸ்: அதானே. இப்ப நீங்களே பாருங்க டாக்டர். பதினாலு மாசமா மாத்திரை இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த எண் கீழேயே இருக்கு. நீங்க நிறுத்திப் பாக்கலாமான்னு கேக்குறீங்க. நான் எப்பவோ நிறுத்திட்டேன், புனிதர் குணமாக்கிட்டாரு. வர்ற இருபத்தேழாம் தேதி அவர் திருவிழா. காணிக்கைத் தகடுகூட செஞ்சு வச்சிருக்கேன். இந்தா, சட்டைப்பையில பேப்பர்ல சுத்தி இருக்கு.

ஆர்கிரோ: தகடா? ரத்தத்துக்கு என்ன தகடு? கடையில கண்ணு இருக்கும், காலு இருக்கும், குழந்தை இருக்கும்...

ஃபானிஸ்: ரத்தத்துக்கு அச்சு இல்லன்னுதான் கடைக்காரனும் சொன்னான். சொல்லிச் செஞ்சேன். இப்பப் பிரிக்காதே. டாக்டரம்மா பேசி முடிக்கட்டும்.

ஆர்கிரோ: ஃபானிஸ்... டாக்டர்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம்.

ஃபானிஸ்: என்னது?

ஆர்கிரோ: மாத்திரை போடலன்னு சொல்லாதே.

ஃபானிஸ்: நல்ல கதையா இருக்கே! எல்லாத்தையும் சொல்லு, சொல்லுன்னு ஆறு மணி நேரமா என் உயிரை வாங்கினே. வாயைத் திறந்தா மூடுங்கிறே.

ஆர்கிரோ: அந்த அம்மா திட்டுவாங்க.

ஃபானிஸ்: திட்டட்டும். ஒரு சந்தேகமும் கேக்கணும் அவங்களை. மாத்திரையை நிறுத்தினா பிடிப்பு நிக்கணும், வீக்கம் வடியணும், இல்லையா? எனக்கு நிக்கவே இல்லையே டாக்டர், ஏன்?

ஆர்கிரோ: அது... வயசு.

ஃபானிஸ்: காலுக்கு வயசு. கண்ணு இமைக்குமா வயசு?

ஆர்கிரோ: எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?

ஃபானிஸ்: ஆமா. கண்ணாடி போட்டிருக்கியே.

ஆர்கிரோ: இந்தா, கழட்டிட்டேன். ஒத்திகை முடிஞ்சுது. கப்பல் வேகம் குறையுது பாரு...

ஃபானிஸ்: குறையல. நம்ம கப்பல் எங்க குறையும்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் டாக்டர்கிட்ட சொல்லத்தான் போறேன் ஆர்கிரோ. பதினாலு மாசமா ஒண்ணும் போடலன்னு. அவங்களும் சந்தோஷப்பட்டு, அப்ப ஆபத்தான காலம் தாண்டியாச்சு, மாசா மாசம் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்னு சொல்லிடுவாங்க...

ஆர்கிரோ: அதான்யா கூடாது! அதான் கூடாது. மாசா மாசம் பாக்கலன்னா அது வந்தது யாருக்கும் தெரியாது. நீ கயித்தைப் பிடிச்சு நின்னுக்கிட்டே இருப்பே, உள்ள அது வளந்துக்கிட்டே இருக்கும்... ஃபானிஸ், நீ நிறுத்தவே இல்ல. ஒரு நாள்கூட நிறுத்தல. கேக்குதா? முதல் நாளே விளக்கு மாடத்துல துரு நிறத்துல ஒண்ணு கிடந்தது. யாரோ மிட்டாய் காணிக்கை வச்சிருக்காங்கன்னு சாமியார் சொன்னாரு. கையில எடுத்துப் பாத்தேன். ஆறு வருஷமா நான் மருந்துக்கடையில வாங்கிட்டு வர்ற மாத்திரை எனக்குத் தெரியாதா? மறுநாளும் கிடந்தது. அதுக்கு மறுநாளும். உன்கிட்ட கேட்டா சண்டை வரும். வேற எங்கயாவது வைப்பே, கடல்ல போடுவே. முதல் தடவை போனப்ப டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. முழுங்க முடியலன்னா தண்ணியிலயோ ஆப்பிள் ஜூஸ்லயோ கரைச்சுக் குடிக்கலாம்னு. அந்த முதல் நாள் சாயங்காலமே ஒரு டப்பா வாங்கினேன். நீ காலையில வைப்பே, நான் சாயங்காலம் எடுப்பேன். கரைச்சுக் கொண்டு வந்து, நீ கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறியான்னு பக்கத்துலயே உக்காந்து பாப்பேன். திருட்டுத்தனம்தான். ஒரு மனுஷனுக்குத் தெரியாம மருந்து கொடுக்கிறது பாவம்தான். தினம் அந்தப் படத்துக்கு முன்னால மன்னிப்பு கேட்டுட்டுத்தான் எடுத்தேன்... ஏதாவது பேசேன்யா. திட்டேன்.

ஃபானிஸ்: எந்தக் கரண்டியால கலக்கினே?

ஆர்கிரோ: கரண்டியா? காபிக் கரண்டி. சின்னது. எதுக்கு?

ஃபானிஸ்: அப்ப சரிதான். அந்தப் பேப்பரைப் பிரி.

ஆர்கிரோ: இப்பவா?

ஃபானிஸ்: இப்பத்தான்.

ஆர்கிரோ: என்ன இது... இதய வடிவமும் இல்ல, சொட்டும் இல்ல... இது டம்ளரா? டம்ளருக்குள்ள... கரண்டி?

ஃபானிஸ்: கரண்டியை அடிக்கிறதுதான் கஷ்டம்னு தகடு செய்யறவன் ரொம்ப அலுத்துக்கிட்டான்.

ஆர்கிரோ: எப்ப செஞ்சே?

ஃபானிஸ்: ஏப்ரல்ல வந்தப்ப. நீ மருந்துக்கடை வரிசையில நின்னுட்டு இருந்தே. நான் சிகரெட் வாங்கப் போறேன்னு போகல?

ஆர்கிரோ: அப்ப உனக்கு ஏப்ரல்லயே தெரியும்!

ஃபானிஸ்: அதுக்கும் முன்னால. போன திராட்சை அறுவடை சமயம். டம்ளர் அடியில துரு நிறத்துல பொடி நின்னுது. நாக்குல தொட்டுப் பாத்தேன். அஞ்சு வருஷம் தின்ன கசப்பை மறக்க முடியுமா?

ஆர்கிரோ: அடப்பாவி! அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரம் நாடகம் ஆடினே? புனிதர் குணமாக்கிட்டாரு, தகடு, பதினாலு மாசம்... என் நெஞ்சு நின்னே போச்சு!

ஃபானிஸ்: நீ சொல்லணுமேன்னுதான். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னா இதையும் சொல்லணும். பாதி என் திருட்டு, பாதி உன் திருட்டு. உன் பாதியை நான் எப்படிச் சொல்றது? அங்க போய் அவங்க முன்னால நீ கூசி நிக்கிறதைப் பாக்க எனக்கு மனசு வரல. இங்க கடல்தானே கேட்டுச்சு.

ஆர்கிரோ: பெஞ்சுல தூங்குறவனும்.

ஃபானிஸ்: அவன் தூங்கறான்.

ஆர்கிரோ: ...எழுதுறேன். "மாத்திரை ஒரு நாளும் நிக்கல. அவர் புனிதர்கிட்ட வச்சாரு, நான் ஜூஸ்ல கரைச்சேன்." அந்த அம்மா நம்மளை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாங்க.

ஃபானிஸ்: பிடிப்புக்கு மாத்திரையோட அளவைக் குறைக்க முடியுமான்னு கேளு. நிறுத்திப் பாக்கலாம்னா இந்தத் தடவை நிஜமாவே நிறுத்துவோம். மாசா மாசம் ரத்தம் கொடுக்கிறேன். திரும்ப வந்தா திரும்பப் போடுறேன்.

ஆர்கிரோ: வாயில போட்டு முழுங்குவியா?

ஃபானிஸ்: ...அதைத்தான் யோசிக்கணும்.

ஆர்கிரோ: என்ன யோசனை? ஒண்ணு மட்டும் சொல்லு. போன அறுவடையில இருந்தே தெரியும்கிறே. அப்புறமும் தினம் மாத்திரையை ஒளிச்சு, அறுபத்திரெண்டு படி ஏறி அங்க வச்சிட்டு வந்திருக்கே. நான் எடுப்பேன், கரைப்பேன், கொடுப்பேன்னு தெரிஞ்சும். ஒரு வாய்த் தண்ணி ஊத்தி நீயே முழுங்கிட்டுப் போயிருக்கலாமேய்யா! எதுக்கு இந்தப் பாடு?

ஃபானிஸ்: மூணாவது வரி காலியாத்தானே இருக்கு?

ஆர்கிரோ: என்ன வேணும்னு எழுதற வரியா? காலிதான்.

ஃபானிஸ்: எழுதிக்கோ. மாத்திரை நின்னாலும் நிக்கட்டும், அந்த ஜூஸ் நிக்கக் கூடாது. கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்துல அந்த அடுப்படியை விட்டு வந்து நீ என் பக்கத்துல அரை மணி நேரம் சும்மா உக்காந்தது இந்தப் பதினாலு மாசம்தான். நானே முழுங்கிட்டா, அப்புறம் நீ எதுக்குடி வந்து உக்காரப் போறே?